மதகைத் தாண்டிய ஏழு கார்கள்

பென்சன் எடுத்த ஆம்பிளைக்கு மூன்று வழிதான் இருக்கிறது என்பது என் மனைவியின் கட்சி. கோயில் நிர்வாக சபையில் சேர்ந்து சண்டை பிடிக்கலாம். வருத்தக்காரனாகிக் கட்டிலில் கிடக்கலாம். இரண்டும் சரிவராவிட்டால் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பருப்புக்கு எவ்வளவு உப்பு என்று சொல்லிக்கொடுக்கலாம். நான் மூன்றாவதைத் தெரிவுசெய்து ஆறு கிழமைதான் ஆகியிருக்கும், அவளே எனக்கு நாலாவது வழியைக் கண்டுபிடித்துத் தந்தாள். யாழ்ப்பாணத்தில் அவளுடைய அண்ணரின் வளவில் ஒரு பழைய ஏ போர்ட்டிக் கார் கிடந்தது. பின்சீற்றில் கோழி அடைகிடந்தது.

"அதைக் கொண்டந்து நீங்கள் பாருங்கோ. பருப்பை நான் பாக்கிறன்" என்றாள்.

கிளிநொச்சியில் ஓர் அரச கந்தோரில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். கந்தோர் இடம்பெயர்ந்தபோதெல்லாம் பைல்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன். ஆட்களை விட்டுவிட்டு வந்த இடங்கள் உண்டு, பைலை விட்டுவிட்டு வந்த இடம் கிடையாது. அப்படிப்பட்டவனிடம் ஒரு காரைக் கொடுத்தால் என்ன செய்வான்? காருக்கும் ஒரு பைல் திறந்தேன். எண்ணெய் மாற்றிய நாள், ரயருக்குக் காற்றடித்த நாள், கோழி முட்டையிட்ட கறையைக் கழுவிய நாள், எல்லாம் அதில் இருக்கிறது.

காரைத் துடைத்து றோட்டில் விட்டு ஒரு மாதம் ஆகவில்லை, தலைவர் என்னைத் தேடி வந்துவிட்டார். அப்போது அவர் இன்னும் தலைவராகவில்லை. ஆனால் பார்த்தவுடனேயே தெரிந்தது, இவர் எதற்காவது தலைவராகாமல் அடங்கமாட்டார் என்று. இருபத்தைந்து வருடம் கனடாவில் இருந்துவிட்டு வவுனியாவில் வந்து வீடு கட்டியவர். கொழும்பில் யாரோ ஒரு பணக்காரரிடமிருந்து சிவப்பு நிற அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதை மசில் கார் என்று சொல்லவேண்டுமாம். முன்பக்கம் ஒரு கட்டிலளவு நீளம். உள்ளே ஒழுங்காக இருக்கக்கூடியவர்கள் இரண்டு பேர். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால், எங்கள் றோட்டில் முன்னால் போகும் பஸ்ஸை முந்துவதற்கு அவர் பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் அனுமதி கேட்கவேண்டும். அந்த அம்மாவோ "பொறுங்கோ, பொறுங்கோ" என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. நானூறு குதிரை வலுவும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் முப்பது கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இப்படித்தான் வன்னியின் பழைய கார்க் கழகம் பிறந்தது. ஏழு கார். தலைவருடைய சிவப்பு, என்னுடைய ஏ போர்ட்டி, முல்லைத்தீவில் இரும்புக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவரின் சீலைக்கூரை ஜீப், செட்டிகுளத்து அரிசி ஆலைக்காரர் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடும் கறுப்புக் கார், இன்னும் மூன்று. யாப்பு எழுதியது நான். உறுப்பினர் பதிவேடு திறந்தது நான். கழகத்துக்கு வட்டமாக ஒரு சீல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். நடுவில் கார்ச் சில்லும் சுற்றிவர எழுத்துமாக அது கையில் கிடைத்த அன்று, ஓய்வு பெற்றதிலிருந்து முதல்முறையாக எனக்கு நல்ல நித்திரை வந்தது.

முதல் பயணம் வவுனியாவிலிருந்து பூநகரிக் கடல்வரை. எல்லோருக்கும் நீல நிற ரீசேட். நெஞ்சில் சில்லுப் படமும் கழகத்தின் பெயரும், கழுத்தில் பெயரும் பதவியும் போட்ட அட்டை. என் கையில் கிளிப் போட்ட பலகை. நிகழ்ச்சி நிரலில் காலை ஏழு மணி என்று போட்டிருந்தேன். ஒன்பதரைக்குப் புறப்பட்டோம்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் ஏழு காரும் நின்றன. ஸ்டியரிங் பிடிக்கிற எவனும் அந்தப் பிள்ளையாரைக் கடந்து சும்மா போகத் துணிவதில்லை. தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று வழிநெடுகச் சொல்லிவந்த தலைவர்தான் ஆகப்பெரிய தேங்காயாகத் தெரிந்தெடுத்து உடைத்தார். ஜீப்காரர் எங்களுக்காகக் காத்துநின்று கச்சான் கடலை வாங்கினார். பரந்தன் சந்தியில் திரும்பும்போது ஒருவர் சைக்கிளை மறித்து நிறுத்தி, "மாப்பிள்ளை எந்தக் காருக்குள்ளை?" என்று என்னைக் கேட்டார். இந்தப் பக்கத்தில் பழைய கார் வரிசையாக வந்தால் அது கலியாணம். கலியாணம் இல்லை என்றேன். ஏமாற்றத்தோடு போனார்.

பூநகரி றோட்டில் பாதி தூரம் போனபிறகு தலைவர் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். வலது கைப்பக்கம் வயலுக்குள்ளால் ஒரு கிறவல் றோட்டு போனது. இரண்டு பக்கமும் பச்சை, தண்ணீர், கொக்கு. "இதுக்குள்ளை விட்டுப் படம் எடுப்பம். நச்சுரலாயிருக்கும்" என்றார். கடல் எங்கேயும் ஓடிவிடாது என்பதால் நாங்களும் விட்டோம். சுமார் நாலு கிலோமீற்றர் போனதும் ஒரு மதகு வந்தது. ஒரு பக்கக் கட்டு உடைந்திருந்தது. சிவப்புக் காரை மதகின் நடுவில் நிறுத்தி, மற்ற ஆறையும் முன்னும் பின்னும் ஒட்டிவிட்டு, தலைவர் முப்பது நாற்பது படம் எடுத்தார். மதகுக்கு அப்பால் ஊர் தெரிந்தது.

ஊர் மண்டபத்தில் நல்ல மரநிழல் இருந்தது. காரை வரிசையாக விட்டுச் சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். இரண்டு கவளம் உள்ளே போகவில்லை, வீடுகளில் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவசரமாகத் தலை வாரியவர்கள், நல்ல சட்டை மாற்றியவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்ரிக் பைல்.

தலைவர் கார் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்து முகம் மலர்ந்தார். நான் சோற்றுப் பார்சலை மூடினேன். எங்கள் பக்கத்தில் வாகனம் மூன்றுக்கு மேல் ஒன்றாக வந்தால் அது யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். சண்டை முடிந்த பிறகு எத்தனை வரிசை வந்தது! கணக்கெடுப்பு, மதிப்பீடு, விசாரணை, பிறகு அந்த விசாரணையைப் பற்றிய விசாரணை. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு பைல் தயாராக இருக்கும். அடையாள அட்டைப் பிரதி, காணிப் பத்திரப் பிரதி, முன்பு கொடுத்த கடிதங்களின் பிரதி. வாகனச் சத்தம் கேட்டால் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஓய்வு பெறும்வரை அந்த வரிசைகளின் கடைசி வாகனத்தில் இருந்தது நான்தான்.

கதிரைகள் வந்தன. தேத்தண்ணி வந்தது. தலைவர் எழும்பிப் பேசவே தொடங்கிவிட்டார். தன் காரின் வயது, வலு, அது நின்ற இடத்திலிருந்து நூறு மைல் வேகத்தை எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் விளக்கினார். சனம் பொறுமையாகக் கேட்டது. பெரிய மனிதர்கள் முதலில் சம்பந்தமில்லாமல்தான் பேசுவார்கள் என்பது அவர்களுக்குப் பழகியிருந்தது. "எட்டு சிலிண்டர்" என்று அவர் சொன்னபோது மட்டும் பின்வரிசையில் ஒரு சலசலப்பு. சமையலுக்கு காஸ் கொடுக்கப்போகிறார்களோ என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

அந்த நேரம் ஒரு அம்மா என்னிடம் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு. கையில் பலகை வைத்திருப்பவன்தான் வேலை செய்கிறவன் என்பதைக் கண்டுபிடித்திருந்தாள். மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் ஊர் அது. அவளுடைய பேச்சிலும் அது இருந்தது.

"ஐயா, பஸ்ஸு இப்ப உள்ளுக்கு வர்றதில்லங்க. சந்தியிலயே திரும்பிப் போயிருது. இவருக்கு சீனி வருத்தம். கால்ல புண்ணு. வாரத்துல ரெண்டு நாள் கிளிநொச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். சைக்கிள்ல வச்சுத்தான் சந்தி வரைக்கும் தள்ளிட்டுப் போறேன். மழைன்னா போக முடியல. ஒரு வெரல எடுத்துட்டாங்க. ஒழுங்கா வரலன்னா கால எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் ஐயா சொல்லிட்டாரு."

மண்டபச் சுவரோடு சாய்த்த சைக்கிளின் கரியரில் அவள் புருஷன் இருந்தார். புழுதி படாமல் காலுக்கு ஒரு சொப்பிங் பை கட்டியிருந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கடிதத்தை நீட்டினாள். நான் வாங்கினேன். கூடவே அதன் பிரதியையும் நீட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க ஐயா" என்றாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்ததாகச் சொல்லமுடியாது, என் கை செய்தது. 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியது. திகதி போட்டது. கையெழுத்து வைத்தது. பைக்குள் இருந்த கழகச் சீலை எடுத்து ஊதி, அதன்மேல் குத்தியது. சில்லும் எழுத்துமாக வட்டம் அழகாக விழுந்தது.

பிறகு கேட்கவேண்டுமா? என் முன்னால் வரிசை நின்றது. பத்தொன்பது கடிதம் வாங்கினேன். காணி, யானை வேலி, குழாய்க் கிணறு. ஜீப்காரர் கச்சான் கோதை உடைத்துக்கொண்டே என் காதில் சொன்னார்: "இவங்க நம்மளக் கச்சேரியால வந்த அரசாங்க ஆக்கள் எண்டு நினைச்சிட்டாங்க. உண்மையச் சொல்லிருங்க, பாவம்."

சொல்லத்தான் போனேன். அந்த அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. நாங்கள் அரசாங்கம் இல்லை. சும்மா பழைய கார் ஓடித் திரியிற ஆக்கள்" என்றேன்.

"தெரியுங்க ஐயா. சட்டையில எழுதியிருக்கே, எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றாள். "இது நான் குடுக்கிற பதினோராவது கடுதாசி. ஒருத்தரும் வாங்கிக்கிட்டோம்னு எழுதித் தரல. நீங்க எழுதித் தந்துட்டீங்க."

எங்கள் கந்தோரில் புதிதாக வரும் கிளாக்கருக்கு முதல்நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான்: கடிதத்தை வாங்கு, மறந்தும் பிரதியில் கையெழுத்து வையாதே, வைத்தால் பிறகு நீதான் பதில் சொல்லவேண்டும். எத்தனை பேருக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்தேன்.

மூன்று கிழமை கழித்துத் தொலைபேசி வந்தது. என் கந்தோரில் எனக்குக் கீழே வேலை பழகி, இப்போது பெரிய கதிரையில் இருக்கும் ஒருவர். "ஐயா, சுகமோ?" என்று தொடங்கினார். எங்கள் ஆட்கள் சுகம் விசாரித்தால் பின்னால் ஏதோ வருகிறது. "ஒரு மனிசி பிரதி ஒண்டைக் கொண்டந்து மேசையில வைச்சிருக்கிறா. உங்கட கையெழுத்து, இஞ்சை எல்லாருக்கும் தெரிஞ்ச கையெழுத்து. சீலும் கிடக்கு. ஏற்கெனவே பாரமெடுத்த விசயம், ஏன் நடவடிக்கை இல்லை எண்டு கேக்கிறா. தவறுதலா வைச்ச கையெழுத்து எண்டு ஒரு துண்டு எழுதித் தந்தியள் எண்டால் நான் பைலை மூடிடுவன்."

எனக்குக் கோபம் வந்தது. நியாயத்துக்காக வந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில், என் கையெழுத்தைத் தவறு என்று ஒருத்தன், அதுவும் நான் பழக்கிய ஒருத்தன், சொன்னதற்காக வந்தது. "அது என்ரை கையெழுத்துத்தான் தம்பி. அறிஞ்சுதான் வைச்சனான். பைலை மூட வேண்டாம்" என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டுப் புதிய பைல் ஒன்று எடுத்து, 'பஸ் சேவை' என்று மேலே எழுதி, இலக்கமிட்டேன்.

அடுத்த நாலு மாதமும் என் வாழ்க்கையின் நல்ல காலம். மறைக்க என்ன இருக்கிறது? கந்தோர் கந்தோராக ஏறினேன். எந்த மேசைக்கு எப்போது போனால் ஆள் இருக்கும், யாருக்கு யார் மச்சான், எந்தச் சுற்றறிக்கையைக் காட்டினால் எவருக்கு வியர்க்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. மதகு பழுது, பஸ்ஸின் பாரம் தாங்காது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். நான் தலைவர் எடுத்த படங்களைக் கழுவுவித்துப் பின்னிணைப்பு அ, ஆ, இ என்று கட்டி அனுப்பினேன். மதகின்மேல் சிவப்புக் கார், முன்னுக்கும் பின்னுக்கும் ஆறு கார். ஏழும் தாண்டி வந்தன, மதகு அசையவில்லை என்று எழுதினேன். அளந்து வாருங்கள் என்று பதில் வந்தது.

அளப்பதற்கு நானும் தலைவரும் ஜீப்காரரும் மூன்று காரில் போனோம். கழகத்தின் மானப் பிரச்சினை என்பதால் தலைவர் ரீசேட் போட்டுக்கொண்டே வந்தார். நீளம், அகலம், உடைந்த கட்டு, எல்லாம் குறித்துக்கொண்டேன். அந்த அம்மா மதகடிக்கு வந்து நின்றாள். இன்றைக்கு மருந்து கட்டுகிற நாள், இரவு பெய்த மழையில் றோட்டு சேறாகிவிட்டது, சைக்கிள் போகாது என்றாள். இது முக்கியமான தகவல் என்று சொல்லி அதையும் குறித்தேன்: 'இன்று நோயாளி சிகிச்சைக்குச் செல்ல முடியவில்லை.' திகதியும் நேரமும் போட்டேன். எங்களுக்காக அவள் மூன்று பூசணிக்காய் கொண்டுவந்திருந்தாள். காருக்கு ஒன்றாகப் பின்சீற்றில் வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளிநொச்சிக்குத் திரும்பிவிட்டோம்.

கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் அவளோடு கதைப்பேன். "பைல் மேலை போயிட்டுது தங்கச்சி" என்பேன். அவள், "ரெண்டாவது வெரலும் கறுத்துருச்சுங்க ஐயா" என்பாள். "பொறியியலாளர் வந்து பாக்கப்போறார்" என்பேன். "காய்ச்சலா இருக்கு" என்பாள். "ஒப்புதல் கிடைச்சிட்டுது, இனிக் கையெழுத்து மட்டும்தான்" என்று நான் சொன்ன கிழமை அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நிற்கிறாளாக்கும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான்.

பஸ் வந்தது. வராமல் விடுமா, நான் பிடித்த பைல் அல்லவா. மதகின் கட்டை ஒட்டவைத்து வெள்ளை அடித்திருந்தார்கள். முதல் நாள் பஸ்ஸுக்கு முன்னால் எங்கள் ஏழு காரும் பலூன் கட்டிக்கொண்டு ஊருக்குள் போகவேண்டும் என்று தலைவர் ஏற்பாடு செய்திருந்தார். பெரிய கதிரைக்காரர் ரிபன் வெட்டினார். "ஐயா விடாப்பிடியா நிண்டவர்" என்று என்னைக் காட்டிப் பேசினார். சனம் கைதட்டியது. எனக்கு மாலை போட்டார்கள். நானும் கழுத்தை நீட்டினேன்.

பிறகு பஸ்ஸில் ஏறும் முதல் ஆளைக் கொண்டுவந்தார்கள். ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் வைத்து இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். சாரத்துக்குக் கீழே ஒரு கால்தான் இருந்தது. மற்றதை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அந்த அம்மா மருந்துத் துண்டுகளோடு வந்தாள். என்னைக் கண்டதும் கும்பிட்டாள். மாலையைக் கழற்றினேன், எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பஸ்காரர் கதவடியில் இருந்த பலூன்களை விலக்கும்வரை கதிரையை என் காருக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். அவர் குனிந்து கண்ணாடிக்குள்ளால் பின்சீற்றைப் பார்த்தார். போன மாதம்தான் புதுச் சீலை போட்டுத் தைப்பித்திருந்தேன். பிறகு மற்றக் கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அத்தனை மாதத்தில் அவர் என்னோடு பேசியது அதுதான் முதல்முறை.

"காரெல்லாம் ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா. இதுல ஆளுங்கள ஏத்துறதில்லீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.